ஏ.சி.க்கு ஜன்னி கண்டால்...

சென்ற இதழில் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டையைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏ.சி.யைப் பற்றித்தான்! "அக்கா, ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டினால் அது அதன் வேலை. எங்கள் வீட்டு ஏ.சி.யிலும் கட்டுகிறதே, இது யார் வேலை?" என்று பாகூரிலிருந்து ஒரு தங்கை குறும்பாகக் கேட்டிருக்கிறாள். குறும்புக்கு அடியில் கவலை இருக்கிறது. மாமனாருக்கு மூச்சிரைப்பு. வெக்கையும் புழுக்கமும் சேர்ந்தால் இரவு முழுக்க உட்கார்ந்தே விடிய வைப்பாராம். அவருக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிய ஏ.சி. எட்டு மாதத்துக்குள் இரண்டு தடவை காஸ் போட்டாகி விட்டது. மறுபடியும் ஐஸ். "விற்றுத் தொலைத்து விடலாமா?" என்று கேட்கிறாள்.

விற்க வேண்டாம், தங்கையே. உன் வீட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஐஸ் எப்படி வருகிறது என்று பார்த்து விடுவோம். அது புரிந்து விட்டால் மெக்கானிக் சொல்வதில் எது நிஜம், எது கதை என்பது நமக்கே தெரிந்து விடும்.

ஏ.சி. குளிர்ச்சியை எங்கிருந்தோ கொண்டு வந்து ஊற்றுவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை வாரி எடுத்து வெளியே கொட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வித்தை. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள் ஒரு செப்புக் குழாய் வளைந்து வளைந்து ஓடும். அதன் மேல் அலுமினியத் தகடுகள், சீப்பின் பற்கள் மாதிரி நெருக்கமாக அடுக்கியிருக்கும். இதைத்தான் காயில் என்கிறார்கள். அதற்குள் ஓடும் காஸ், அறைச் சூட்டைக் குடித்துக் கொதித்து ஆவியாகிறது. நன்றாக ஓடும் பெட்டியில் காயிலின் குளிர் சுமார் 5 முதல் 10 டிகிரி வரை இருக்கும். பின்னாலிருந்து விசிறி ஓயாமல் அறைக் காற்றை அதன் மேல் இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறது.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளிப்புறம் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? காயிலும் அப்படியே வேர்க்கும். நம்முடையது கடலோரப் பூமி. வில்லியனூருக்கு ஊசுட்டேரி பக்கம், பாகூருக்குப் பாகூர் ஏரி பக்கம். காற்றில் ஈரத்துக்குக் கேட்பானேன்! ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைச் சர்வ சாதாரணமாகப் பிழிந்து எடுத்து விடும். புழுக்கம் கூடினால் அதற்கு மேலும். அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற வரை ஒரு கஷ்டமும் இல்லை.

காயிலின் மேல் காற்று குறைந்தாலோ, உள்ளே காஸ் குறைந்தாலோ காயில் 0 டிகிரிக்குக் கீழே போய் விடும். வழிய வேண்டிய வேர்வை அப்படியே உறையும். முதலில் உப்புப் பூத்த மாதிரி ஒரு வெள்ளை. அப்புறம் விரற்கடை கனத்துக்குக் கட்டி. ஐஸ் கட்டினால் இன்னும் நன்றாகத்தானே குளிர வேண்டும் என்று தோன்றும். அதுதான் இல்லை! ஐஸ் காயிலுக்குக் கம்பளி போர்த்தியது போல உட்கார்ந்து கொள்கிறது. தகடுகளின் இடுக்கு அடைபட்டுக் காற்று இன்னும் குறைய, ஐஸ் இன்னும் வளர்கிறது. உள்ளே பனிமலை, அறையிலோ அனல்! நடுராத்திரியில் அது உருகி, தண்ணீர் தட்டு தாங்காமல் சுவரோடு வழிந்து ஸ்விட்ச் போர்டு வரை வரும்.

டன் என்றேனே, ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு சூட்டை வாரி எடுக்கிற சக்திக்குத்தான் அந்தப் பெயர். பெட்டியின் எடை என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த ஐஸையே அறுத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. சென்னைக் கடற்கரையில் ஐஸைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். கப்பலில் வந்த ஐஸ் இப்போது நம் வீட்டுச் சுவரிலேயே கட்டுகிறது, அதுவும் வேண்டாத இடத்தில்!

சரி, கதைக்கு வருகிறேன். இந்தச் சித்திரையில் வில்லியனூரில் எங்கள் பின் தெருவில் நடந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு நாற்பது நாள் ஆகவில்லை. மொட்டை மாடிச் சூடு அப்படியே இறங்குகிற அறை என்று கடன் வாங்கி ஏ.சி. மாட்டியிருந்தார்கள். ஒரு மாதம் ஜிலுஜிலுவென்று ஓடியது. பிறகு இரவு இரண்டு மணியானால் காற்றே வராது. குழந்தைக்குக் கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்டை கட்டிப் போயிற்று. வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து ஐஸைப் பார்த்தார். "காஸ் இல்லைம்மா. 3,500 ஆகும்" என்றார். குழந்தைக்குக் காப்பு வாங்க வைத்திருந்த பணம் அது. கொடுப்பதா வேண்டாமா என்று அம்மாவும் மகளும் அல்லாடிக் கொண்டிருந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தேன். காயிலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சீராக, ஒரே கனத்தில் ஐஸ். அதுவே பாதிப் பதில். மூடியைத் தூக்கி வலைச் சட்டத்தை, அதாவது ஃபில்டரை, உருவினேன். மாவு சலித்த சல்லடை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது!

"இது இன்னா ஆயா, இவ்ளோ பவுடர்?"

"குழந்த வூடு இல்லியா! காலையில குளிப்பாட்டி, சாம்பிராணி புடிச்சி, பவுடர் போட்டுத்தான படுக்க வெக்கறோம்."

"இந்த ரூம்லயேவா?"

"பின்ன? குழந்தைக்குக் காத்துப் படக் கூடாதுன்னு கதவ சாத்திக்கிட்டுத்தான் புடிக்கறோம்."

விஷயம் புரிந்து விட்டதல்லவா? சாம்பிராணி என்பது பிசின். அந்தப் புகை குளிர்ந்த இடத்தில் மெல்லிய பசையாகப் படியும். அதன் மேல் பவுடர் தூள் உட்காரும். தினம் ஒரு பூச்சு. முப்பது நாளில் வலையின் கண் அத்தனையும் மூடிக் கொண்டது. காற்று போக வழியில்லை, ஐஸ் கட்டாமல் என்ன செய்யும்? இரவில் கொசுவர்த்திச் சுருள் வேறு. காஸ் மேல் பழி போட்டது அநியாயம்.

ஐஸை எடுக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். குளிர் ஓட்டத்தை நிறுத்தி விட்டு, ரிமோட்டில் ஃபேன் என்று இருக்கிறதே, அதில் மட்டும் ஓட விட்டோம். வெறும் காற்றே ஐஸை உருக்கி விடும். கீழே இரண்டு பழைய வேட்டி, ஒரு பேசின். அது உருக மூன்று மணி நேரம் ஆயிற்று. கனத்த கட்டியாக இருந்தால் இன்னும் ஆகும். ஸ்விட்ச் போர்டுப் பக்கம் தண்ணீர் வழிகிற வீடாக இருந்தால் ஃபேனும் வேண்டாம். மெயினை அணைத்து விட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அது தானாக உருகட்டும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூ டிரைவர் எதையும் ஐஸின் அருகில் கொண்டு போகாதீர்கள். அந்தச் செப்புக் குழாயின் கனம் சொற்பம். ஒரு குத்து பட்டால் காஸ் அத்தனையும் புஸ்ஸென்று போய் விடும். வெந்நீர் ஊற்றுவதும், முடி உலர்த்தும் டிரையரைப் பிடிப்பதும் கூடாது. ஐஸோடு ஏ.சி.யைத் தொடர்ந்து குளிரில் ஓட்டுவது எல்லாவற்றையும் விட மோசம். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் ஆவியை அமுக்குவதற்காகச் செய்த பம்ப். காயில் உறைந்தால் ஆவியாகாத காஸ் திரவமாகவே அங்கே போய்ச் சேரும். திரவத்தை அமுக்க அதனால் முடியாது. கம்ப்ரஸர் போனால் ஆகிற செலவுக்குப் புதுப் பெட்டியே வாங்கலாம் என்று தோன்றி விடும்!

ஃபில்டரைக் குழாயடியில், தூசி படிந்த பக்கத்துக்குப் பின்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பசை போக, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டியிருந்தது. நிழலில் உலர்த்தினோம். வெயிலில் போட்டால் சட்டம் வளைந்து விடும். மெயின் சுவிட்சை அணைத்து விட்டு, காயில் தகட்டின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுத்தோம். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். சாயங்காலம் ஓட விட்டுப் பார்த்தபோது அறை பழையபடி. இரண்டு மணி நேரம் கழித்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வேர்வைதான் ஓடியது, ஐஸ் இல்லை. காப்புப் பணம் தப்பியது!

ஆயாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "நாங்கள்லாம் சாம்பிராணிப் பொகையிலதான் வளந்தோம். ஒண்ணும் ஆவல" என்றார். நான் சொன்னேன்: "அப்ப கூரை வூடு ஆயா. நாலு பக்கமும் காத்து போச்சி. இப்ப சிமெண்டு ரூமு, சாத்துன கதவு. ஃபில்டர்ல படிஞ்சது கண்ணுக்குத் தெரிஞ்சிது. புள்ள நெஞ்சுல படியறது தெரியுமா?" குழந்தை வைத்தியர்கள் இன்று புகையும் வேண்டாம், பவுடரும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். பவுடர் தூள் மூச்சோடு போனால் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. ஆயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் தலையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து விட்டு, சாம்பிராணியைக் கூடத்தில் சாமி படத்துக்குக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். பெரிய மனசு!

குழந்தை இருக்கும் அறையில் 26 டிகிரிபோல வைத்தால் போதும். காற்று நேரே தொட்டில் மேல் விழாமல் திருப்பி விட வேண்டும். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நினைப்புத்தான். எந்த எண்ணில் வைத்தாலும் அது தன்னால் முடிந்த வேகத்தில்தான் ஓடும், 16-ஐப் பிடிக்க நிற்காமல் ஓடும். மார்கழி இரவில் வெளியே குளிர் அடிக்கும்போது 16-ல் வைத்துத் தூங்கினால், நல்ல பெட்டியில்கூட ஐஸ் கட்டும். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை ஏ.சி.கள் சுவிட்ச் போட்டவுடன் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைப்பதற்கும் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

இப்போது பாகூர்த் தங்கையின் வீடு.

கடிதம் வந்த வாரமே அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் இருந்தது. சாப்பிட்டு விட்டு அப்படியே எட்டிப் பார்த்தேன். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் இல்லையா? அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் ஊரெல்லாம் நெல் தூசி. ஃபில்டர்தான் அடைத்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் தங்கை கெட்டிக்காரி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவி விடுகிறாள். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. ஐஸோ காயிலின் ஒரு மூலையில் மட்டும். மீதி இடம் வேர்க்கக்கூட இல்லை. வெளியே போய் அங்கிருக்கும் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு குழாய்களில் மெல்லிய குழாயில் வெள்ளைப் பனி. அதன் பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை.

இவை காஸ் ஒழுகுவதன் அடையாளங்கள். காஸ் குறைந்தால் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் இன்னும் தாழ்ந்த குளிரில் கொதிக்கும். அதனால்தான் நுழைகிற இடத்தில் மட்டும் உறைந்து விட்டு, மீதி காயிலுக்குக் காஸ் போதாமல் போகிறது. கம்ப்ரஸர் எண்ணெய் காஸோடு சேர்ந்தே ஓடும். அதனால் ஒழுகுகிற இடத்தில் எண்ணெய் தெரியும்.

காஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் இல்லை, சகோதரிகளே! மூடிய குழாய்க்குள் அதே காஸ் வருஷக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் காஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுக்கிற வேலை. இரண்டு தடவை வந்தவரும் அதைத்தான் செய்திருக்கிறார். 5,000 ரூபாய்க்கு மேல் போய் விட்டது.

ஆனால் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பெட்டியில் நட்டு எப்படி விரிசல் விட்டது? சுற்றிப் பார்த்தேன். வெளிப்பெட்டி மாட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை! மூன்று பசு, ஒரு கன்று. மூத்திரத்தின் நெடி மூக்கில் ஏறியது. அந்த நெடிக்குப் பெயர் அம்மோனியா. அது செம்புக்கும் பித்தளைக்கும் ஜென்ம விரோதி. இறுக்கி முடுக்கிய பித்தளையைச் சத்தமில்லாமல் விரிசல் விட வைக்கும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் மழைக்காலமானால் பட்டாளத்தின் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்களாம். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் தோட்டா உறைகளில் வெடிப்பு! ஈரத்தோடு கலந்த குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் விளக்கினார்கள். நம் ஊர் லாயத்தில் கற்ற பாடம், நம் ஊர் கொட்டகைக்கும் பொருந்தும்தானே?

வேறு ஒரு தம்பியை வரவழைத்தாள் தங்கை. சின்னப் பையன், ஆனால் தொழிலில் சுத்தம். குழாயில் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, நட்டின் மேல் சோப்பு நுரை தடவினார். குமிழ் குமிழாக வந்தது. குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, புது நட்டுப் போட்டார். பிறகு வாக்யூம் பம்ப் வைத்து அரை மணி நேரம் உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார். கடைசியில் தராசு வைத்துக் காஸை நிறுத்துப் போட்டார். எத்தனை கிராம் என்று வெளிப்பெட்டியின் லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், பாருங்கள். வெளிப்பெட்டியும் கொட்டகையை விட்டுக் கிழக்குச் சுவருக்கு மாறி விட்டது. மாமனார் படுத்துத் தூங்குகிறார், பத்து நாளாக ஐஸ் இல்லை என்று போன் பண்ணினாள். பத்து நாள் போதாது, ஒரு கோடை தாண்டட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே "காஸ் இல்லை" என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்குமுன் கேளுங்கள்: "ஓட்டை எங்கே தம்பி? காட்டு." காட்டினால் மேலே பேசுங்கள். வாக்யூம் பம்பும் தராசும் கொண்டு வராதவரிடம் குழாயைத் திறக்க விடாதீர்கள். இப்போது வருகிற ஆர்-32, ஆர்-290 காஸ்கள் தீப்பிடிக்கக் கூடியவை. ஆர்-290 என்பது புரொப்பேன், நம் அடுப்பு காஸின் உறவுதான். காஸ் குழாயில் பற்றவைப்பு வேலை நடந்தால் கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சாமி விளக்கு அணைந்திருக்க வேண்டும். குழந்தைகள் அங்கே நிற்கக் கூடாது.

ஃபில்டரும் சுத்தம், காஸும் சரி, அப்படியும் ஐஸ் என்றால் உள்விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். உருளை மாதிரி இருக்கும் அந்த விசிறியின் இதழ்களில் அழுக்கு அப்பினாலும் காற்று வராது. லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் வோல்டேஜ் இறங்கினாலும் பழைய பெட்டிகளில் விசிறி சோர்ந்து போகும். காயிலோடு ஒட்டிய சின்ன சென்ஸார் ஒன்று உண்டு. உறைகிற நிலை வந்தால் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வது அதுதான். அது கழன்று தொங்கினாலும் இதே கதை. இவை மெக்கானிக் வேலை, நாம் தொட வேண்டாம்.

நம்மால் ஆவது வேறு. ஏ.சி.க்கு நேர் எதிரே பீரோவை நிறுத்தி, காற்றை மறுபடி அதன் வாய்க்கே திருப்பி விடாதீர்கள். ஈரத் துணியை ஏ.சி. அறையில் கொடி கட்டி உலர்த்தாதீர்கள். மழைக்காலத்தில் இந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது! சமையலறையை ஒட்டிய அறையானால் தாளிக்கும்போது கதவைச் சாத்துங்கள். எண்ணெய்ப் புகை சாம்பிராணியை விடக் கெட்டியாக ஒட்டும். சாதாரண நாளில் மாதம் இரு முறை ஃபில்டர் கழுவினால் போதும். அறுவடை நடக்கும்போதும், தெருவில் ரோடு போடும்போதும் வாரம் ஒரு முறை. ஸ்டூல் மேல் ஏறுமுன் மெயினை அணைத்து, கை ஈரத்தைத் துடைத்துக் கொள்ளுங்கள். ஸ்டூலைப் பிடித்துக் கொள்ள ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

"குளிர் குறையவில்லை, ஆனால் ஏ.சி.யில் சாக்கு நாற்றம் வருகிறது" என்று திருபுவனையிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு: அது ஐஸ் இல்லை, தண்ணீர்த் தட்டில் பாசி. அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை இரவு அணைக்குமுன் கால் மணி நேரம் ஃபேனில் மட்டும் ஓட விடுங்கள், காயில் உலர்ந்து விடும்.